பஸ்ஸுக்குக் கிழவி, வாடகைக்குக் குமரி

உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கும் எத்தனை வயசு வித்தியாசம்?

கொஞ்சம் அத்துமீறலான கேள்விதான். இருந்தாலும் ஒரு நிமிஷம் மனசுக்குள்ளேயே கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் எட்டு. எங்கப்பா அம்மாவுக்குப் பதினொன்று. 'பையனுக்கு நாலஞ்சு வயசாவது கூட இருக்கணும்டா. அப்பதான் கடைசிக் காலத்துல பார்த்துக்க ஒருத்திக்காவது தெம்பு இருக்கும்' என்பாள் என் பாட்டி. அந்தக் காலத்து இன்ஷூரன்ஸ் பாலிசி அது. பிரீமியம் கட்டுவது பூராவும் பெண்!

அந்த பாலிசி ஒரு ஊரில் அப்படியே தலைகீழாகிப்போன கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

2025 செப்டம்பரில் ஒரு வேலையாக லண்டன் போயிருந்தேன். ஓட்டல் வாடகையைப் பார்த்து மயக்கம் வந்ததால், காலேஜ் நண்பனுக்கு போன் போட்டேன். யாழ்ப்பாணத்துக்காரன். எண்பதுகளின் கடைசியில் குடும்பத்தோடு சென்னைக்கு வந்து, என்னோடு பி.காம் வகுப்பில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் தூங்கியவன். இப்போது கனடாவில் இருக்கிறான். "என்ர சித்தப்பா வீட்டில போய் நில்லு மச்சான். கிழக்கு லண்டன். பிள்ளையள் எல்லாம் வெளிய போயிட்டினம், ஒரு அறை சும்மாதான் கிடக்கு" என்றான். போனை வைக்கும் முன், "சித்தப்பாவுக்கு ஏதோ கடுதாசி வந்து ஆள் குழம்பிப்போய் இருக்கிறாராம். நீயும் பி.காம் தானே, ஒருக்கா பார்" என்றான்.

'அறை சும்மா கிடக்கு' என்று அவன் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சும்மா அறைக்கு ஒரு விலை இருக்கிறது. பின்னால் வருகிறேன்.

சித்தப்பாவுக்கு 68 வயசு. 1990-ல் லண்டன் வந்தவர். முதல் சில வருஷங்கள் கையில் காசு வாங்கிக்கொண்டு கிடைத்த வேலை. அதற்குப் பிறகு பெட்ரோல் ஸ்டேஷனில் ராத்திரி ஷிப்ட். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சிகரெட்டும் பாலும் விற்று மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்த மனுஷர். சின்னம்மாவுக்கு 59. நாம் சித்தி என்போம், அவர்கள் ஊரில் சின்னம்மா. மூன்று பிள்ளைகளை வளர்த்ததோடு நடுவில் ஒரு பள்ளிக்கூட கிச்சனில் சில வருஷம் வேலையும் பார்த்திருக்கிறார். ஒரு ஹவுஸிங் அசோசியேஷன் வீடு. இரண்டு படுக்கையறை. வாடகை வாரத்துக்கு 150 பவுண்ட். அந்த ஊரில் இது கொள்ளை மலிவு.

முதல் நாள் ராத்திரி, புட்டும் மீன் குழம்பும் முடிந்து சின்னம்மா அடுப்படிக்குள் போனதும், சித்தப்பா ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே பதினைந்து கடிதமாவது இருக்கும்.

"தம்பி, உதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. எனக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனா இது இங்கிலீஷ் இல்லை, வேற ஏதோ. பிள்ளையளுக்குச் சொல்லிப் போடாதேங்கோ."

மகன் கனடாவில். மகள்களில் ஒருத்தி பர்மிங்ஹாமில், ஒருத்தி ஸ்காட்லாந்தில். மூன்று பேருக்கும் அப்பா ரிடையர் ஆனது தெரியும். வாடகை பாக்கி விழுந்தது தெரியாது.

நடந்தது இதுதான். முழங்கால் இரண்டும் போய், 2025 மார்ச்சோடு வேலையை விட்டார். அவருக்கு அரசாங்க பென்ஷன் வயசு 66-ம் 2023-லேயே முடிந்து, பென்ஷன் வந்துகொண்டிருந்தது. ஆனால் முழு பென்ஷனுக்கு 35 வருஷம் நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டியிருக்க வேண்டும். இவர் கணக்கில் இருந்தது 24 வருஷம். ஆகவே வாரத்துக்கு ஏறக்குறைய 158 பவுண்ட். வாடகையைக் கட்டினால் வாரத்துக்கு எட்டு பவுண்ட் மிச்சம்!

கோயிலில் ஒரு சிநேகிதர் ஆறுதல் சொன்னார். "நீர் பென்ஷனர் எல்லோ? கவுன்சிலுக்கு எழுதும். ஹவுஸிங் பெனிஃபிட் தருவினம், முழு வாடகையும் அவங்கள்தான். மிச்சத்துக்கு பென்ஷன் கிரெடிட் இருக்கு. நான் எடுக்கிறன்தானே?" சிநேகிதருக்கு 74. அவர் மனைவியும் அவரைவிட எட்டு வயசு இளையவர். அதே கோயில், அதே ஊர்க்காரர், ஏறக்குறைய அதே வயசு வித்தியாசம். அவருக்குக் கிடைத்தது இவருக்குக் கிடைக்காமல் போகுமா?

போனது. ஏப்ரலில் போட்ட மனுவுக்கு ஜூன் மாசம் பதில் வந்தது. 'நீங்கள் ஒரு மிக்ஸ்ட் ஏஜ் கப்பிள். ஆகவே உங்களுக்கு இந்த உதவிக்குத் தகுதி இல்லை.'

மிக்ஸ்ட் ஏஜ் கப்பிள்! கலப்புத் திருமணம் கேள்விப்பட்டிருக்கிறோம். கலப்பு வயசுத் தம்பதி என்று ஒரு ஜாதி இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒருத்தர் பென்ஷன் வயசைத் தாண்டி, இன்னொருத்தர் தாண்டாமல் இருந்தால் அந்த ஜோடிக்கு சர்க்கார் வைத்திருக்கும் பெயர் அது.

"அவவுக்கு வயசு காணாதாம் தம்பி" என்றார் சித்தப்பா. அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி ஆரம்பித்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் சட்டம். பயப்படாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

முன்பெல்லாம் பிரிட்டனில் தம்பதியில் ஒருத்தர் பென்ஷன் வயசைத் தொட்டால் போதும், இருவருமே பென்ஷன்காரர்களாகக் கணக்கு. பென்ஷன் கிரெடிட்டும் ஹவுஸிங் பெனிஃபிட்டும் பெரியவர் வயசைப் பார்த்துக் கிடைத்தன. 2012-ல் வந்த ஒரு சட்டத்தில் இதை மாற்ற ஒரு ஷரத்து போட்டு, அலமாரியில் வைத்துவிட்டார்கள். 2019 ஜனவரி 14-ம் தேதி மாலை, அதைத் தூசு தட்டி எடுத்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மறுநாள்தான் தெரசா மேயின் பிரெக்ஸிட் ஒப்பந்தத்தின் மீது நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு. 230 ஓட்டு வித்தியாசத்தில் அவர் தோற்ற ஓட்டெடுப்பு! ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் ராத்திரியில், 'மே 15 முதல் கலப்பு வயசுத் தம்பதிகள் யுனிவர்சல் கிரெடிட்டுக்குத்தான் போக வேண்டும்' என்ற செய்தியை யார் படிக்கப்போகிறார்கள்? பத்திரிகைக்காரனாகச் சொல்கிறேன், கெட்ட செய்தியைப் புதைப்பதற்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

யுனிவர்சல் கிரெடிட் என்பது வேலை பார்க்கும் வயசுக்காரர்களுக்கான உதவித் திட்டம். அதில் வாடகைக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் அதன் அளவுகோலே வேறு. இளையவருக்கும் பென்ஷன் வயசு ஆகும்வரை இருவருமே அந்த அளவுகோலில்தான் நிற்க வேண்டும். 2019 மே 14 வரை பழைய முறையில் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் தொடரும், இடையில் அறுபடாத வரைக்கும். கோயில் சிநேகிதர் தப்பித்தது அந்த வரியில்தான்.

சின்னம்மா 1966-ல் பிறந்தவர். 1961 மார்ச் 6 முதல் பிறந்தவர்களுக்கு பென்ஷன் வயசை 67 ஆக்கிவிட்டார்கள். அப்படியென்றால் 2033. இன்னும் எட்டு வருஷம்!

வேடிக்கை என்னவென்றால், அடுத்த வருஷம் அவருக்கு 60 ஆனதும் லண்டன் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டாம். அறுபது வயசுக்காரர்களுக்கு ஓர் அட்டை தருகிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்துக்கும் காசில்லை. "பஸ்ஸுக்குக் கிழவி, வாடகைக்குக் குமரி" என்றார் சின்னம்மா, கை துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்து. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவருக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஒரு கடிதமும் திறக்கப்படவில்லை என்று.

"கலியாணம் பேசேக்க ஒன்பது வயசு வித்தியாசம் நல்ல பொருத்தம் எண்டு சாத்திரியார் சொன்னவர்" என்றார் சித்தப்பா. "பாவம், அவருக்கு பிரிட்டிஷ் சட்டம் தெரியேல்லை."

மூவரும் சிரித்தோம். சிரிப்பு அவ்வளவுதான், அதற்குமேல் அன்றைக்கு இல்லை.

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. தாளைக் கண்டால் நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமாகப் பிரிப்பான். நானும் பிரித்தேன். 2025-26 ரேட்டுகளை வைத்துப் போட்ட கணக்கு இது.

யுனிவர்சல் கிரெடிட்டில் ஒரு தம்பதிக்கான அடிப்படைத் தொகை மாசத்துக்கு 628 பவுண்ட். வாடகை மாசத்துக்கு 650. ஆனால் முழு வாடகையும் கணக்கில் வராது. பிள்ளைகள் போய்விட்டதால் ஓர் அறை உபரி. உபரி அறை ஒன்றுக்கு வாடகையில் 14 சதவிகிதம் வெட்டு. 2013-ல் வந்த இந்த விதிக்கு மக்கள் வைத்த பெயர் 'பெட்ரூம் டாக்ஸ்'. பழைய பென்ஷன் முறையில் இருந்தால் இந்த வெட்டு கிடையாது. ஆக, நான் படுத்திருந்த அறையின் விலை மாசம் 91 பவுண்ட். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

வெட்டுப் போக வாடகைக்கு 559. அடிப்படையோடு சேர்த்தால் 1,187. இதிலிருந்து சித்தப்பாவின் பென்ஷனை ஒரு பவுண்ட் விடாமல் கழிப்பார்கள். வேலை பார்த்து வரும் சம்பளம் என்றால் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. பென்ஷனுக்கு அதுவும் கிடையாது. அவர்கள் தருவது ஏறக்குறைய 500. எல்லாம் சேர்த்துக் கையில் வருவது அதே 1,187. வாடகை கட்டியபின் மிச்சம் 537.

ஊர்ப் பணத்தில் அறுபதாயிரத்துக்கு மேல் வருகிறதே, போதாதா என்று பெருக்கிப் பார்த்துவிடாதீர்கள். ஒருமுறை பஸ் ஏறினால் இருநூறு ரூபாய் வாங்குகிற ஊர் அது. குளிருக்கு கேஸ், கரண்ட், கவுன்சில் வரி, சாப்பாடு எல்லாம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 18 பவுண்டுக்குள் முடித்தாக வேண்டும்.

சரி, சின்னம்மாவுக்கும் 67 ஆகியிருந்தால்? பென்ஷன் கிரெடிட் இருவரின் வருமானத்தை வாரம் 346.60 பவுண்டுக்கு உயர்த்திவிடும். வாடகை முழுசாக ஹவுஸிங் பெனிஃபிட். வாடகை போக மாசத்துக்கு 1,502 பவுண்ட் கையில். அதே வீடு, அதே ஆட்கள், அதே முழங்கால். வித்தியாசம் 965 பவுண்ட். எட்டு வருஷம்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். வியாதி விடவில்லை. மூன்றாவதாக ஒரு பத்தி போட்டேன். சித்தப்பா தனி ஆளாக இருந்தால்? தனி ஆள் பென்ஷன் கிரெடிட் வாரம் 227.10. வாடகை முழுசாகக் கிடைக்கும். மாசத்துக்கு 984.

தனியாக இருந்தால் 984. பெண்டாட்டியோடு இருந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து 537.

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் தாள் மேசை மேல் இருந்தது. சின்னம்மாவுக்கு எண்கள் படிக்க யார் தயவும் வேண்டாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று பத்திகளையும் பார்த்தார்.

"அப்ப நான் விட்டிட்டுப் போனா உவருக்கு நல்லது எண்டு சொல்லுறியளோ தம்பி?"

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாக, கடைக்குப் போய்வரட்டுமா என்பதுபோலக் கேட்டார். சித்தப்பா அந்தத் தாளை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். "படிச்ச பிள்ளையள் எண்டா இப்பிடித்தான்" என்று மட்டும் சொன்னார். இருபது வருஷமாக எழுதிச் சம்பாதிக்கிறேன். நான் எழுதியதிலேயே மோசமான தாள் அதுதான்.

அது வெறும் கணக்குதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கூரையின் கீழ் புருஷன் பெண்டாட்டியாக வாழ்ந்துகொண்டு தனித்தனி ஆள் என்று எழுதிக் கொடுத்தால் அது மோசடி, வழக்கு வரும். நிஜமாகவே பிரிந்தால்தான் அந்த 984. முப்பத்தேழு வருஷம் ஒன்றாக இருந்தவர்களுக்கு ஒரு சர்க்கார் மறைமுகமாக வைக்கும் யோசனை அது!

சர்க்கார் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டுமில்லையா? 'வேலை பார்க்கும் வயசில் இருப்பவர், துணைவருக்கு வயசாகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் பென்ஷன் சலுகையில் உட்காரலாமா? வரி கட்டுகிறவன் கேட்க மாட்டானா?' என்கிறார்கள். நாற்பது வயசு மனைவி என்றால் நானும் தலையாட்டுவேன். ஆனால் இந்த விதிக்கு நாற்பதும் ஒன்றுதான், அறுபத்தாறும் ஒன்றுதான்.

விதிப்படி சித்தப்பாவை யாரும் வேலை தேடச் சொல்வதில்லை. அவர் பென்ஷனர். சின்னம்மாதான் தேட வேண்டும். வாரத்துக்கு 35 மணி நேரம்வரை தேடச் சொல்லலாம். தேடியதை ஆன்லைனில் எழுத வேண்டும், ஜாப் சென்டருக்குப் போய்க் காட்ட வேண்டும். நான் இருந்தபோது ஒருநாள் அவர்களோடு போனேன். இருபத்தைந்து வயசுப் பையன்களுக்கு நடுவில் புடவைக்கு மேல் கோட் போட்டுக்கொண்டு சின்னம்மா. மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். எந்தத் தேதியில் எந்த வேலைக்கு மனு போட்டேன் என்று தமிழில் எழுதி வைத்திருந்தார். ஒரு நர்ஸரியில் துப்புரவு. ஒரு கேர் ஹோமில் சமையல். மூன்றாவது வரியில் 'கிடங்கு - இரவு வேலை' என்று இருந்தது. பக்கத்தில் சித்தப்பா கைத்தடியைப் பிடித்துக்கொண்டு, ஸ்கூல் வாசலில் காத்திருக்கும் அப்பா மாதிரி உட்கார்ந்திருந்தார். "என்னட்டை ஒண்டும் கேக்கினமில்லை தம்பி. நான் சும்மா காவலுக்கு" என்றார்.

அந்த ஜூன் மாசக் கடிதம் தாமதமாக வந்ததில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. யுனிவர்சல் கிரெடிட்டுக்கு மனு போட்ட நாளிலிருந்துதான் கணக்கு. பின்தேதி போட்டுக் கேட்பது லேசில் நடக்காது, நடந்தாலும் ஒரு மாசத்துக்கு மேல் கிடையாது. இவர்கள் ஹவுஸிங் பெனிஃபிட் வரும் வரும் என்று காத்திருந்து ஜூலையில்தான் மனு போட்டார்கள். மூன்று மாசப் பணம், ஏறக்குறைய 1,500 பவுண்ட், போனது போனதுதான். மனு போட்டபின் முதல் பணம் வர ஐந்து வாரம். அந்த இடைவெளியில் விழுந்த வாடகை பாக்கிக்குத்தான் அந்தப் பதினைந்து கடிதங்களில் ஏழு. அந்த ஊரில் உங்களுக்குச் சொந்தக்காரர் யாராவது இந்த நிலையில் இருந்தால், கோயிலில் கேட்டதை நம்பி உட்கார வேண்டாம் என்று போன் பண்ணிச் சொல்லுங்கள். முதலில் மனு, பிறகு சந்தேகம்.

கோயில் சிநேகிதரையும் சந்தித்தேன். தன் பேச்சைக் கேட்டு ஏமாந்துபோனார்களே என்று மனுஷர் குன்றிப்போயிருந்தார். 'நீங்கள் அதிர்ஷ்டசாலி' என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார்.

பென்ஷன் கிரெடிட் வாங்குகிறவர் நாலு வாரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் அது நின்றுவிடும். மற்றவர்களுக்கு நின்றால் திரும்பி வந்து மறுபடி கேட்கலாம். 2019-க்கு முந்திய வரியில் தொங்கிக்கொண்டிருக்கும் கலப்பு வயசுக்காரருக்கு அறுந்தால் அறுந்ததுதான். 2022-ல் யாழ்ப்பாணத்தில் அவருடைய அண்ணன் இறந்துவிட்டார். போனார். அந்தியேட்டி 31-ம் நாள். இவருக்கு இருந்தது 28 நாள். நெருங்கிய உறவினர் சாவென்றால் எட்டு வாரம்வரை பொறுத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. ஆனால் அது அதிகாரி ஒப்புக்கொண்டால்தான். ஒப்புக்கொள்ளாவிட்டால்? 27-ம் நாள் விமானம் ஏறிவிட்டார். அந்தியேட்டி அன்றைக்கு லண்டனில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்திருக்கிறார்.

2025 ஜூனில் அவர் மனைவிக்கு 66 முடிந்தது. "இப்ப பயமில்லை. ரெண்டு பேரும் கிழடுகள் எண்டு அரசாங்கமே ஒத்துக்கொண்டிட்டுது" என்றார்.

நான் கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு, சித்தப்பாவை வற்புறுத்தி 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' என்ற இலவச ஆலோசனை மையத்துக்கு அழைத்துப்போனேன். அந்த நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கும் அமைப்பு. "ஒருத்தரிட்டையும் கையேந்திப் பழக்கமில்லை" என்று முரண்டுபிடித்த மனுஷரை, "எனக்கு ஒரு கட்டுரை எழுதணும் சித்தப்பா, துணைக்கு வாங்க" என்று பொய் சொல்லித்தான் பஸ் ஏற்றினேன். அது பொய்யில்லை என்று இப்போது ஆகிவிட்டது.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா. எழுபது வயசிருக்கும். தன்னார்வலர். கடிதங்களைப் பொறுமையாகப் புரட்டினார். சட்டத்தை மாற்ற முடியாது, ஆனால் பெட்ரூம் டாக்ஸ் வெட்டுக்கு கவுன்சிலிடம் ஒரு விருப்புரிமை நிதி இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம் என்றார். பிறகு சித்தப்பாவின் கைத்தடியைப் பார்த்தார். அவர் காலைப் பார்த்தார். கறுப்பு சாக்ஸ், பளபளவென்று ஷூ.

"காலையில் உங்களுக்கு சாக்ஸ் போட்டுவிடுவது யார்?"

சித்தப்பா பதில் சொல்லவில்லை. எனக்கும் கேள்வி விளங்கவில்லை. சின்னம்மாதான், பள்ளிக்கூடத்தில் கை தூக்குவதுபோலப் பாதி கையைத் தூக்கினார்.

"குளிக்கும்போது?" மறுபடி அந்தப் பாதி கை. "ராத்திரி எழுந்தால்? மாடிப்படி இறங்கும்போது?" கை இறங்கவே இல்லை.

விஷயம் இதுதான். பென்ஷன் வயசு தாண்டியவருக்கு உடம்பு முடியாமல் ஆறு மாசமாக இன்னொருவர் ஒத்தாசை தேவைப்பட்டால் 'அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்' என்று ஒன்று உண்டு. அந்த வருஷத்துக்குக் குறைந்த ரேட் வாரம் 73.90 பவுண்ட். வருமானம், சேமிப்பு எதுவும் பார்க்க மாட்டார்கள். யுனிவர்சல் கிரெடிட்டிலும் அதைக் கழிக்க மாட்டார்கள். அது கிடைத்துவிட்டால், வாரத்துக்கு 35 மணி நேரமாவது அவரைக் கவனிக்கும் மனைவிக்கு யுனிவர்சல் கிரெடிட்டில் மாசம் 201 பவுண்ட் கூடும். அதோடு அவர் வேலை தேட வேண்டியதில்லை. அவர் பார்ப்பதே வேலைதான் என்று ஆகிவிடும்.

ஃபாரம் பக்கம் பக்கமாகப் போனது. ராத்திரி மேசையில் நான் எழுத, அவர் சொல்ல வேண்டும். 'குளிப்பதற்கு உதவி தேவையா?' "சமாளிப்பன்." 'உடுத்த?' "சமாளிப்பன்." 'கழிவறைக்கு?' "உதெல்லாம் ஏன் தம்பி கேக்கினம்? சமாளிப்பன் எண்டு போடுங்கோ."

முப்பது வருஷம் துப்பாக்கி முனைக்குக்கூட பயப்படாமல் கண்ணாடிக் கூண்டுக்குள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்திருந்தவர். ஒரு கட்டத்துக்குள் 'என்னால் முடியவில்லை' என்று எழுத முடியவில்லை. நான் பேனாவை மூடிவைத்துவிட்டேன். சின்னம்மா என் கையிலிருந்து ஃபாரத்தை வாங்கி, கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொன்னார். பதில்களை அவர் சொன்னார். சித்தப்பா டி.வி-யைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்தார். எந்தக் கேள்விக்கும் மறுப்பு வரவில்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு நீட்டியபோது, படித்துப் பார்க்காமல் போட்டார்.

டிசம்பரில் போன் வந்தது. கிடைத்துவிட்டதாம், குறைந்த ரேட். கவுன்சிலும் அறைக்கான 91 பவுண்டை ஆறு மாசத்துக்குத் தருகிறதாம். 537 என்று நான் எழுதிய இடத்தில் இப்போது ஆயிரத்துச் சொச்சம் வரும். 1,502 இல்லை. 2033-க்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் சின்னம்மா அந்த நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார்.

பிள்ளைகளுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். பேச்சை மாற்றினார்.

"தம்பி, ஒண்டு தெரியுமோ? சின்னம்மா இப்ப எனக்கு சொக்ஸ் போடேக்க கண்ணாடி போட்டுக்கொண்டுதான் போடுறா. சம்பளமெல்லோ குடுக்கினம்!"

பின்னாலிருந்து சின்னம்மாவின் குரல் கேட்டது. "காலை நீட்டச் சொல்லுங்கோ. ரெண்டாவது இன்னும் போடேல்லை."